இருளுக்கு அளவான ஒளி

லேசர் விற்பவர்கள் வாட் கணக்கில் விற்கிறார்கள். ஒரு வாட், மூன்று வாட், ஐந்து வாட் என்று எண் ஏற ஏற விலையும் நூறு நூறு வெள்ளியாக ஏறும். லேசர் காட்சிப் பெட்டியைத் தானே செய்துவிடலாம் என்று உட்காருகிறவர் முதலில் சிக்குவது இந்த எண்ணில்தான். கோத்தா திங்கி வட்டாரத்தில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் விளக்குக் கட்டுகிற பையன்களிடம் பேச்சுக் கொடுத்தால் கேள்வி இந்த வடிவத்தில்தான் வரும்: "எத்தன வாட் போடலாம்ணே?" அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: காட்டப்போகிற இடத்தில் எவ்வளவு இருட்டு?

ஜொகூர் பாருவில் இதைக் கேட்டுப் பயனில்லை. அங்கே வானம் சிங்கப்பூரின் வெளிச்சத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு இரவு முழுக்க வெளுத்துக் கிடக்கும். வடகிழக்கே நாற்பது கிலோமீட்டர் சொச்சம் வந்து, கோத்தா திங்கியைத் தாண்டிச் செம்பனைக்குள் வண்டியைத் திருப்பி விளக்கை அணைத்துப் பாருங்கள். நீட்டிய கை தெரியாது. அந்த இருட்டை நம்பித்தான் இங்கே ஒரு தொழிலே நடக்கிறது. ஜொகூர் ஆற்றில் இரவுப் படகேறி மின்மினி பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். மலாய்க்காரர்கள் கெலிப்-கெலிப் என்பார்கள். கரையோரத்துப் பெரெம்பாங் மரங்களில் கூடும் அந்தச் சிறு வண்டுகளில் ஆண்கள் ஒரே தாளத்தில் மின்னும்போது மரம் முழுவதும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரியும். படகோட்டி கைவிளக்கை அணைக்கச் சொல்வார், கேமரா ஃபிளாஷ் கூடாது என்பார். வாட் கணக்கில் பார்த்தால் அந்தப் பூச்சியின் ஒளி ஒரு மில்லிவாட்டின் மிகச் சிறு பங்குதான். அதற்குத்தான் படகு நிறைய ஆட்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

காரணம் இரண்டு. இருட்டு ஒன்று. மற்றது நிறம். பகல் வெளிச்சத்துக்குப் பழகிய மனிதக் கண், 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சட்பச்சையைத்தான் மிக நன்றாக உணர்கிறது. மின்மினியின் நிறம் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. 1924இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் கண்ணின் இந்த உணர்வை ஒரு வளைகோடாக வரைந்து வைத்தது. லேசர் வாங்குகிறவர் பணத்தை எடுக்குமுன் பார்க்க வேண்டிய கோடு அது. 555ஐ நூறு என்று வைத்துக்கொண்டால், அதே வாட்டில் 532 பச்சை ஏறத்தாழ 88. 520 பச்சை 71. 638 சிவப்பு 19. 650 சிவப்பு 11. 660 சிவப்பு 6. 445 நீலம் 3. ப்ளூ-ரே கருவிகளிலிருந்து கழற்றி எடுக்கும் 405 ஊதாவோ ஒன்றைக்கூடத் தொடாது. ஒரு வாட் என்று சொல்லி விற்ற ஊதா லேசர், கண்ணளவில் பச்சையின் ஒரு மில்லிவாட்டுக்கு ஈடாவதே கஷ்டம். வெள்ளை வேட்டியில் பட்டால் பளிச்சென்று தெரியும்; அது சலவைத்தூளில் கலந்திருக்கும் மிளிரும் பொருளின் வேலை. கண் உணராத அந்த ஒரு வாட்டும் விழித்திரைக்குள் போய்ச் சேரத்தான் செய்யும். மங்கலாகத் தெரிவதால் இமை மூடாது. வீட்டில் செய்யும் பெட்டியில் ஊதாவுக்கு இடமே கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

எவ்வளவு குறைந்த வாட்டில் எவ்வளவு பெரிய கூட்டத்தை ஆட்கொள்ளலாம் என்பதற்கு வரலாற்றில் சான்று இருக்கிறது. 1973 நவம்பர் 19 அன்று லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் வானாய்வகக் கோளரங்கத்தில் ஐவன் டிரையர் என்பவர் 'லேசேரியம்' என்ற காட்சியைத் தொடங்கினார். முதல் லேசரை 1960 மே 16இல் தியோடர் மைமன் எரியவைத்துப் பதின்மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. டிரையரிடம் இருந்தது கிரிப்டான் வாயு லேசர் ஒன்று. அதன் திறன் ஒரு வாட். அந்த ஒரு கற்றையைப் பட்டகத்தால் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்காகப் பிரித்து, கூரைக் குவிமாடத்தில் இசைக்கேற்ப ஆடவிட்டார்கள். ஒவ்வொரு காட்சியையும் ஒரு கலைஞர் அங்கேயே உட்கார்ந்து கையால் இயக்கினார். பல ஆண்டுகள் பல நகரங்களில் மக்கள் வரிசையில் நின்று பார்த்த காட்சி அது. கோளரங்கம் விண்மீன்களைக் காட்டுவதற்காகவே இருட்டாக்கப்பட்ட இடம். ஒரு வாட் அதற்குத் தாராளம். இன்று கல்யாண மண்டபத்தில் குழல்விளக்கெல்லாம் எரிய ஐந்து வாட் லேசரைச் சுழற்றியும் எடுபடவில்லை என்று குறைப்படுகிறவர்கள், அடுத்த முறை பத்து வாட் வாங்குவதற்குப் பதில் மண்டபத்துச் சுவிட்சை அணைத்துப் பார்க்கலாம்.

நம்மவர்களில் வசதியிருந்த குடும்பங்கள் பாலத்தைக் கடந்து செந்தோசா போய், 2007 முதல் 2014 வரை கடற்கரையில் நடந்த 'சாங்ஸ் ஆஃப் தி சீ' காட்சியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். நீர்த்திரையும் தீப்பிழம்பும் லேசருமாகப் பெரும்பொருட்செலவில் நடந்த காட்சி. ஒளிக்காட்சி என்றால் அந்த அளவில்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்தும் இங்கே வந்திருக்கலாம். ஆனால் தோட்டத்து மக்களுக்கு அதைவிடப் பழைய ஒளிக்காட்சி ஒன்று உண்டு. திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் அது. பெரியவர்களிடம் அந்த இரவுகளைப் பற்றிக் கேட்டால் படத்தின் பெயரோடு நிறுத்த மாட்டார்கள். புரொஜெக்டரிலிருந்து துணிவரை நீண்ட வெளிச்சத் தூணையும், அதில் வந்து மொய்த்த பூச்சிகளையும், பீடிப்புகை அதில் சுருண்டதையும் சேர்த்தே சொல்வார்கள். நான் மனதில் வைத்திருக்கும் பெட்டி அந்தத் திடலுக்கானது: நான்கு மீட்டர் அகலத் துணி, பன்னிரண்டு மீட்டர் தூரத்தில் பெட்டி, சுற்றிலும் செம்பனை இருட்டு.

பச்சையிலிருந்து தொடங்குவோம். மலிவாகக் கிடைப்பது 532. அதற்குள்ளே நடப்பது நேரான காரியமில்லை. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு ஒன்று ஒரு படிகத்தைத் தூண்டும். அது 1064இல் இன்னோர் அகச்சிவப்பைத் தரும். இரண்டாவது படிகம் அதன் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கும்போதுதான் 532 பச்சை பிறக்கும். நல்ல தயாரிப்பில் மிச்சமிருக்கும் அகச்சிவப்பைக் கடைசியில் ஒரு வடிகட்டி நிறுத்திவிடும். மலிவுத் தயாரிப்பில் அந்த வடிகட்டியைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். 2010இல் அமெரிக்காவின் தேசியத் தர நிறுவன ஆய்வாளர்கள் ஒரு மலிவுப் பச்சைச் சுட்டியைச் சோதித்தபோது, பத்து மில்லிவாட் என்று சொல்லப்பட்ட அந்தக் கருவி ஏறத்தாழ இருபது மில்லிவாட் அகச்சிவப்பையும் கூடவே உமிழ்ந்தது தெரியவந்தது. சொல்லப்பட்ட திறனைப்போல இரண்டு மடங்கு, கண்ணுக்கே தெரியாமல். சோதித்த விதம் எனக்கு அந்த எண்ணிக்கையைவிடப் பிடித்தது. ஒரு குறுந்தட்டு, ஒரு காகிதக் கோப்பை, அகச்சிவப்பு வடிகட்டி நீக்கிய ஒரு வெப்கேமரா போன்ற வீட்டுச் சாமான்களே போதும் என்று செய்துகாட்டினார்கள். குறுந்தட்டின் வரிகள் ஒளியைப் பிரித்துவிடும். பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே இருக்கக்கூடாத இடத்தில் புள்ளி தெரிந்தால் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். பெட்டி செய்ய இறங்குகிற எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லிக்கொடுக்க விரும்பும் முதல் பாடம் இதுதான்.

532க்கு இன்னொரு குணமும் உண்டு. படிகங்கள் வெப்பத்துக்குச் சட்டென முகம் மாறும்; வேகமாக அணைத்து ஏற்றினால் ஒளி சீராக வராது. கோடு விட்டு விட்டு வர வேண்டிய படத்தில் அது பெரிய குறை. 520 பச்சை நேரடியாக டையோடிலிருந்தே வருகிறது. கண்ணளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, விலை அதிகம். ஆனாலும் கொடுத்த மின்னோட்டத்துக்கு ஏற்ப உடனே ஏறி இறங்கும், அகச்சிவப்புக் கலப்பு இல்லை. கையில் காசிருந்தால் 520. அதில் எனக்குத் தயக்கமில்லை.

செலவு சிவப்பில்தான் இருக்கிறது, ஏமாற்றமும் அங்கேதான். பழைய டிவிடி எழுதிகளில் இருக்கும் சிவப்பு டையோடு 650இலிருந்து 660 வரை இருக்கும். சும்மா கிடைக்கிறதே என்று அதை எடுத்துப் போடுவார்கள். கண் அதை ஆறு, பதினொன்று என்றுதான் மதிக்கும். 638 சிவப்பில் அதே வாட்டுக்கு 660ஐவிட மூன்று மடங்கு வெளிச்சம் தெரியும். 638, 520, 445 மூன்றையும் கலந்து பகல்வெள்ளை வர வேண்டுமென்றால் 100 மில்லிவாட் பச்சைக்கு ஏறத்தாழ 140 சிவப்பும் 60 நீலமும் வேண்டும். சிவப்பை 650க்கு மாற்றினால் 140 என்பது 240ஐத் தொடும். விற்பனைப் பெட்டிகளில் பலவற்றில் கணக்கு இதற்குத் தலைகீழாக இருக்கும். நீலம் மலிவு, அதனால் நீலத்தில் வாட்டை ஏற்றி, மொத்தக் கூட்டலைப் பெரிதாகக் காட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட பெட்டியில் மஞ்சள் கேட்டால் இளம்பச்சை வரும், வெள்ளை கேட்டால் நீலம் பாய்ந்திருக்கும். குங்குமச் சிவப்பு மட்டும் வராது. அம்மன் திருவிழாவுக்கு அந்தப் பெட்டியை எடுத்துப்போய் என்ன செய்ய?

நீலம் மலிவாகக் கிடைப்பதே ஒரு பெரிய கதை. நீல டையோடு முடியாத காரியம் என்று பெரிய ஆய்வகங்கள் கைவிட்டிருந்த காலத்தில், ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நாகமுரா காலியம் நைட்ரைடை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். 1993இல் பிரகாசமான நீல எல்இடி, அடுத்த சில ஆண்டுகளில் நீலஊதா லேசர். 2014 நோபல் பரிசு அந்த நீல எல்இடிக்காக அவருக்கும் அகாசாகி, அமானோ இருவருக்கும் கிடைத்தது. 2010இல் காசியோ நிறுவனம் விளக்குக்குப் பதில் 445 நானோமீட்டர் லேசர் டையோடுகள் வைத்த புரொஜெக்டரை விற்கத் தொடங்கியது. உலகமெங்கும் பொழுதுபோக்குக் கைவினைஞர்கள் அதை வாங்கி, படம் காட்டாமலே உடைத்து, உள்ளிருந்த இருபத்துநான்கு டையோடுகளைக் கழற்றித் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். வீட்டு லேசர்க்காரர்களின் வரலாறு இப்படித்தான் நகர்ந்திருக்கிறது. மற்றவர்கள் வேறு எதற்கோ செய்ததைப் பிரித்தெடுத்துத் தன் காரியத்துக்குப் பொருத்துவது. தோட்டத்துப் பட்டறைகளில் டிராக்டர் உதிரியிலிருந்து தேர்ச்சக்கரத்துக்கு அச்சு கடைந்தவர்களின் பிள்ளைகளுக்கு இது புதிய வித்தை ஆகாது.

வாட்டும் நிறமும் சரியாக அமைந்த பிறகும் கற்றையின் வடிவம் என்று ஒன்று மீதி இருக்கிறது. விளம்பரத்தில் சின்ன எழுத்தில் போடப்படும் விஷயம் அது. லேசர் நூல் பிடித்தாற்போல நேராகப் போகும் என்பது பாதி உண்மை. எல்லாக் கற்றையும் விரியும். ஒரு மில்லிரேடியன் விரிவு என்றால் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டர் தடிக்கும். பெட்டியைவிட்டு மூன்று மில்லிமீட்டராகக் கிளம்பியது பன்னிரண்டு மீட்டர் தாண்டித் துணியில் விழும்போது ஒன்றரை சென்டிமீட்டர் கோடாகும். பார்க்க அழகான தடிமன்தான். மூன்று மில்லிரேடியன் என்றால் கோடு பட்டையாகிவிடும், வெளிச்சம் அந்த அகலத்தில் பரவி மங்கிவிடும். பெரிய வாட் டையோடுகளில் ஒளி புறப்படும் இடம் ஒரு நீண்ட கீற்று. அதனால் கற்றை ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் விரிந்து செவ்வகமாக விழும். உருளை வில்லைகள் வைத்துத் திருத்தலாம். திருத்தத் திருத்த விலையும் ஏறும், ஒளியும் கொஞ்சம் இழப்பாகும். குறைந்த திறனுள்ள ஒற்றைமுறை டையோடின் கற்றை நீள்வட்டமாக இருந்தாலும் இவ்வளவு திருத்தமில்லாமலே மெல்லியதாக வரும். இந்த இடத்தில்தான் சிறியதை எடுப்பது சிக்கனத்துக்காக என்பது போய், தரத்துக்காக என்று ஆகிறது. மேலே சொன்ன 300 மில்லிவாட் மூன்று நிறமும் கலந்து ஏறத்தாழ எழுபது லூமென் தரும். அதைக்கொண்டு நான்கு மீட்டர் துணியில் மொத்தம் நாற்பது மீட்டர் நீளக் கோடு வரைந்தால், கற்றையைத் திருப்பும் கண்ணாடிகளில் இழப்பது போக, அந்தக் கோட்டின் மேல் விழும் வெளிச்சம் ஒரு திரையரங்க வெண்திரையின் வெளிச்சத்தில் பாதியளவு வரும். செம்பனை இருட்டில் அதற்கு மேல் என்ன வேண்டும்?

துணியில் கோடு வரைவது ஒரு வகை. காற்றிலேயே கற்றைகளை நிறுத்திக் காட்டுவது இன்னொரு வகை. பையன்களுக்கு இரண்டாவதில்தான் ஆசை. தூய்மையான காற்றில் லேசர் கற்றை பக்கவாட்டிலிருந்து அனேகமாகத் தெரியவே தெரியாது. நாம் பார்ப்பது வழியிலுள்ள தூசியும் நீர்த்திவலையும் புகையும் சிதறடித்து அனுப்பும் மிச்சத்தை. ஒளி சிதறுவதைப் பற்றி நினைத்தால் திருச்சியில் பிறந்த சி.வி. ராமனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1921இல் கப்பலில் திரும்பும்போது கடலின் நீலம் எங்கிருந்து வருகிறது என்று பிடித்த கேள்வி, 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் ராமன் விளைவாக வந்து நின்றது. உடனிருந்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். தொலைநோக்கியின் வில்லையால் குவித்த வெயிலைத் திரவத்தில் பாய்ச்சி, வண்ண வடிகட்டிகள் வைத்து, சிதறி வந்த மிக மெல்லிய ஒளியை அவர்கள் முதலில் வெறுங்கண்ணால்தான் பார்த்தார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து லேசர் வந்த பிறகு, ராமன் சிதறலை அளப்பது உலகமெங்கும் ஆய்வகங்களின் அன்றாட வேலையானது. இருட்டில் பழகிய இரண்டு தமிழர்களின் கண்களுக்கு இந்தக் கலையிலும் ஒரு பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

கோத்தா திங்கிக் காற்று கற்றை காட்ட ஏற்ற காற்று. லொம்போங் அருவிப் பக்கம், முந்தஹாக் மலையடியில், சாரல் எப்போதும் மிதக்கிறது. ஆற்றோரத்தில் நள்ளிரவுக்குப் பின் மூடுபனி இறங்கும். சுமத்ராவில் காடு எரியும் ஆண்டுகளில் புகைமூட்டமும் வந்துவிடும்; 2015இல் பள்ளிகளையே மூடினார்கள். அந்தப் புகையில் கற்றை அழகாகத் தெரியும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். புகை இயந்திரம் விடும் புகைகூடத் திறந்த திடலில் அரை நிமிடம் நிற்காது.

நீர்த்திவலைகள் ஒளியை முன்னோக்கியே மிகுதியாகச் சிதறடிக்கும். பெட்டிக்குப் பின்னால் நிற்பவருக்கு மங்கலாகத் தெரிகிற கற்றை, எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பளிச்சென்று தெரியும். மிக அழகாகத் தெரிகிற இடமும் மிக ஆபத்தான இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. 300 மில்லிவாட் சிறியது என்றுதான் இவ்வளவு நேரம் சொல்லிவந்தேன். அந்தச் சிறியது பன்னிரண்டு மீட்டர் தள்ளி ஒன்றரை சென்டிமீட்டராக விரிந்த பிறகும், அசையாமல் ஒரு கண்ணில் நின்றால், கால் நொடி இமைக்கும் நேரத்துக்குக் கண் தாங்கும் என்று வகுத்த அளவைப்போல அறுபது மடங்குக்கு மேல். அரை வாட்டைத் தாண்டினால் லேசர் பாதுகாப்புக் கணக்கில் நான்காம் வகுப்பு. சுவரில் பட்டுச் சிதறும் ஒளியைப் பக்கத்திலிருந்து பார்ப்பதுகூட ஆபத்தாகலாம். இருட்டில் பாவை அகலத் திறந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த இருட்டு நமக்குக் குறைந்த வாட்டே போதும் என்றதோ, அதே இருட்டு கண்ணின் கதவையும் முழுக்கத் திறந்து வைத்திருக்கிறது.

2008 ஜூலையில் ரஷ்யாவின் விளாடிமிர் பகுதியில் நடந்த ஓர் இசைவிழாவில் மழைக்காகக் கூடாரம் போட்டிருந்தார்கள். வானத்தை நோக்கிப் போயிருக்க வேண்டிய லேசர் கூட்டத்தின்மேல் திருப்பப்பட்டு ஏறத்தாழ முப்பது பேருக்கு விழித்திரை புண்ணானது. மகாராஷ்டிரத்தில் அண்மை ஆண்டுகளில் பிள்ளையார் ஊர்வலங்களில் ஏற்றிய லேசர்களால் இளைஞர்கள் பார்வை இழந்த செய்திகள் வந்து, கண் மருத்துவர்கள் எச்சரிக்கை விட்டார்கள். நம் நாட்டிலேயே 2010 டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலிலில், இந்தோனேசியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தின் முதற்சுற்றில், பார்வையாளர் பக்கமிருந்து ஆட்டக்காரர்கள் முகத்தில் பச்சை லேசர் அடித்து ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. மலேசியா 3-0 என்று வென்ற ஆட்டம் அது. அந்த வெற்றியை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பச்சைப் புள்ளியும் கூடவே வருகிறது.

ஆகவே கற்றை தலைக்கு மூன்று மீட்டர் மேலே போகட்டும். கற்றையைத் திருப்பும் கண்ணாடி நின்றுபோனால் லேசர் தானே அணையும்படி சுற்று இருக்கட்டும். மென்பொருளில் எல்லை வைத்ததோடு நில்லாமல் பெட்டியின் வாயிலேயே ஒரு கறுப்புத் தகட்டைத் திருகி, துணிக்கு வெளியே ஒரு விரற்கடைகூடப் போகாமல் மறைக்க வேண்டும். வானத்தை நோக்கி விடவே கூடாது. செனாய், சாங்கி இரண்டுக்கும் போகிற விமானங்கள் நம் தலைக்கு மேல்தான். ஆற்றுப் பக்கமும் கூடாது. மின்மினி இணை தேடுவது ஒளியால். பெரெம்பாங் இலைகளில் செயற்கை ஒளி விழுந்தால் அந்தப் பேச்சு அறுந்துபோகும். அதன் புழுக்கள் கரைச்சேற்றில் சிறு நத்தைகளைத் தின்று வளர்பவை. கரையை ஒட்டிச் செம்பனை நட்டதிலேயே அவை போதுமான அளவு இழந்துவிட்டன.

பெட்டிக்குள் இன்னொரு வேலை இருக்கிறது. வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துச் செய்கிறவர்கள் இடறி விழும் இடம் அது. சிவப்பு டையோடுக்கு வெப்பம் ஆகாது. சூடேறினால் வெளிச்சம் சட்டென்று குறையும், அலைநீளமும் கண்ணுக்கு மங்கலான பக்கம் நகரும். ஆகவே மின்குளிர்விப்பான் வைத்து 18, 20 டிகிரியில் நிறுத்தச் சொல்வார்கள். ஐரோப்பாவின் உலர்ந்த அறையில் அது சரி. நம் ஊர் இரவுக்காற்று 24 டிகிரியிலேயே நீராகத் துளிர்க்கத் தயாராக இருக்கிறது. 18 டிகிரியில் வைத்த டையோடின் முகத்திலும் வில்லையிலும் ஐந்து நிமிடத்தில் முத்து முத்தாக வியர்க்கும், கற்றை கலங்கும், கொஞ்ச நாளில் பூஞ்சணம் பிடிக்கும். இங்கே 27 டிகிரியில் நிறுத்துங்கள். ஒளிப்பாதையைத் தனிப்பெட்டியாக ரப்பர் வைத்து மூடி, உள்ளே சிலிக்கா மணிகள் போடுங்கள். சிவப்பில் பத்து விழுக்காடு குறையும் என்றால் அதை வாங்கும்போதே கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு முறை வெள்ளம் புகுந்து எழுந்த ஊர் இது, 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமே இன்னொரு தடவையும். ஈரத்தைக் கணக்கில் வைக்காத எந்தப் பொருளும் இங்கே நீடித்ததில்லை.

இனி, என்ன வரையப்போகிறோம்? லேசரைத் தேர்ந்தெடுப்பதில் உண்மையில் முதலில் தீர்க்க வேண்டியது இது. கால்வோ எனப்படும் இரண்டு சிறு ஆடும் கண்ணாடிகள் கற்றையை இடவலமும் மேல்கீழும் திருப்பும். ஒரே புள்ளியை வேகமாக ஓடவிட்டுக் கோடாகக் காட்டும். கண்ணாடிக்கு எடையிருக்கிறது, கூர்மூலையில் சட்டென்று திரும்பாது. விட்டு விட்டு வரும் எழுத்துக்கும் படத்துக்கும் லேசரை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அணைத்து ஏற்ற வேண்டும். கடைகளில் விற்கும் கோப்புகளில் வருபவையெல்லாம் இந்தத் தொல்லை பிடித்தவை: நட்சத்திரம், டால்ஃபின், ஆடும் பெண்.

நம்மிடம் சிக்குக் கோலம் இருக்கிறது. புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து, கையெடுக்காமல் போய், தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும் ஒற்றைக் கோடு. மூலை அனேகமாக இல்லை, அணைத்து ஏற்றும் வேலை இல்லை. அந்த ஆடும் கண்ணாடிகளுக்கென்றே யாரோ நூற்றாண்டுகளுக்கு முன் செய்துவைத்ததுபோல் இருக்கிறது. 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனோடு சேர்ந்து கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதினார்கள். 1974இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை கணினிப் படவரைவியல் உலகில் கோலத்துக்கு ஓர் இடம் வாங்கிக்கொடுத்தது. ஐந்துக்கு ஐந்து புள்ளிச் சிக்குக் கோலத்தை ஆயிரம் புள்ளிகளில் சுத்தமாகச் சொல்லிவிடலாம். நொடிக்கு இருபதாயிரம் புள்ளி ஓடும் நடுத்தரக் கால்வோ அதை நொடிக்கு இருபது தடவை வரையும். அந்த இருபதாயிரம் எட்டு டிகிரி விரிவில் அளந்தது, நம் துணிக்குப் பத்தொன்பது டிகிரி வேண்டும் என்பது உண்மைதான். கூர்மூலை இல்லாத கோட்டுக்கு அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. வெள்ளைக் கோலமாவின் நிறம் மூன்று லேசரும் சேர்ந்தால் வரும். காசு போதாதவர் ஒரே ஒரு பச்சையோடு தொடங்கலாம். அணைத்து ஏற்றத் தேவையில்லாததால் 532கூடப் போதும், வடிகட்டி இருக்கிறதா என்று குறுந்தட்டில் பார்த்துவிட்டு.

எங்கள் பக்கத்தில் மார்கழி முழுக்க வாசலை நிறைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். மடிக்கணினியில் நான் செய்த கோலத்தைச் சுவரில் ஓடவிட்டபோது கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கோடு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியுதே தம்பி, தெரியக் கூடாது" என்றார். அவர் சொன்னது சரி. தொடக்கமும் முடிவும் சந்திக்கும் இடத்தில் கண்ணாடி ஒரு கணம் தயங்க, அங்கே மட்டும் ஒரு பொட்டு கூடுதலாக ஒளிர்ந்தது. சுற்றை முடிக்காமலே அடுத்த சுற்றுக்குள் வழுக்கிப் போகும்படி புள்ளிகளை அடுக்க வேண்டும். அவர் விரலிடுக்கில் மாவு விழுவதைக் கவனித்தால் அதையேதான் செய்கிறார்: சேருமிடத்தில் கை மெலிந்து, ஏற்கெனவே விழுந்த கோட்டின்மேல் ஏறிப் போகிறது. இப்போது அவருக்கு எழுதுகோல் வைத்த தட்டுக்கணினி ஒன்றைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். கிரிஃபித் கோளரங்கத்தில் கலைஞர் உட்கார்ந்து கையால் இயக்கியதுபோல, அக்கா திடலில் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வரைவார். வரைய வரைய நான்கு மீட்டர் துணியில் கோலம் வளரும். விரல் போகும் வேகத்துக்கு இருபதாயிரம் தாராளம். சிவப்புக்கு மட்டும் 638இல் ஒரு நல்ல டையோடு இன்னும் வாங்க வேண்டியிருக்கிறது. காவிப் பட்டைக்கு 650 போதாது என்று அக்காவே சொல்லிவிட்டார்.